பட்டியலில் மூன்றாவது பெயர்

தொப்பி அந்த வீட்டின் அழைப்பு மணியை அழுத்தியபோது காலை பத்தே முக்கால். வெயில் சுள்ளென்று அடித்தது. எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் ஒரு லாரி பீப் பீப் என்று கத்தியபடி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. பயப்படுவதற்கு இதைவிடத் தோதில்லாத நேரம் கிடைக்காது. அதனால்தானோ என்னவோ, அவன் பயப்படவில்லை.

கம்ப்யூட்டர் ரிப்பேர் அவன் தொழில். இருபத்தைந்து வயதிலேயே முன்மண்டை வழுக்கை விழுந்துவிட்டதால் ஒரு நீலத் தொப்பியை மாட்டிக்கொள்ள ஆரம்பித்தான். பதினேழு வருஷமாகியும் அதைக் கழற்றவில்லை. அசல் பெயர் ரேஷன் கார்டோடு நின்றுவிட்டது. மனைவிகூட அவன் நம்பரைத் 'தொப்பி' என்றுதான் போனில் சேமித்து வைத்திருந்தாள்.

மூன்றரை மணிக்குள் வேலையை முடித்தாக வேண்டும். ஆறு வயது மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவதாக வாக்குக் கொடுத்திருந்தான். இதற்கு முன் மூன்று முறை கொடுத்த வாக்கு காற்றோடு போயிருந்தது. கடைசி முறை அவள் வாட்ச்மேனோடு உட்கார்ந்து, பள்ளி விளக்குகள் அணையும் வரை கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். இன்று காலை சுண்டுவிரலை அவன் மூக்குக்கு நேரே நீட்டி, "இன்னிக்கும் வரலைன்னா டூ. எப்பவுமே டூ" என்று சொல்லிவிட்டுத்தான் வேனில் ஏறினாள்.

கதவைத் திறந்தது ஒரு அம்மாள். கணக்கு டீச்சராம், போனிலேயே சொல்லியிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அளவாக, சுத்தமாக இருந்தார். கண்கள் மட்டும் பல நாள் தூங்காதவை.

"மெதுவா பேசுங்க தம்பி. உள்ள அவர் தூங்குறார்."

கூடத்தைத் தாண்டும்போது ஒரு படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது. கட்டிலில் ஒருவர் மல்லாந்து படுத்திருந்தார். போர்வை நெஞ்சு வரை, கைகள் இரண்டும் விலாவை ஒட்டி நேராக. தூங்குகிற மனுஷன் இப்படியா படுப்பான், எங்கேயாவது ஒரு காலை மடக்க மாட்டானா என்று தொப்பிக்குத் தோன்றியது. பகல் தூக்கம் கொடுத்துவைத்தவர்களுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு நடந்தான்.

மெஷின் இருந்தது கடைசி அறையில். சின்ன அறை, மூடிய ஜன்னல். நுழைந்ததுமே ஈரத் தலைமுடியின் வாசனை வந்தது. மழையில் நனைந்து வந்தவர் பக்கத்தில் நின்றால் வருமே, அந்த வாசனை. வெளியே மழை பெய்து இரண்டு மாதமாகிறது.

மேசைக்கு முன்னால் இருந்த நாற்காலியின் முதுகில் ஒரு துண்டு கிடந்தது. அதன் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"அந்த நாற்காலி வேண்டாம். இதுல உட்காருங்க." டீச்சர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

திரையில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்று திறந்திருந்தது. அதில் ஒரே ஒரு வரி.

'யாரும்மா வந்திருக்கிறது?'

"மெஷின் பார்க்கிறவர் வந்திருக்கார்டா" என்று டீச்சர் திரையைப் பார்த்துச் சொன்னார்.

வெளியூரில் இருக்கும் பிள்ளையோடு பேசிக்கொண்டிருக்கிறார் போல என்று எடுத்துக்கொண்டான் தொப்பி. மற்றவர் வீட்டுச் சங்கதி நமக்கெதற்கு? பையிலிருந்து டெஸ்டரை எடுத்து முதலில் மெஷினின் இரும்புக் கேபினட்டைத் தொட்டுப் பார்த்தான். டெஸ்டரின் குட்டி விளக்கு எரிந்தது.

"டீச்சர், பாடியில கரண்ட் வருது. எர்த் சரியில்ல. ஈரக்கையோட இதைத் தொட்டா ஆளையே அடிச்சிடும்."

"தெரியும்" என்றார் டீச்சர். "என் பொண்ணை அடிச்சிடுச்சு."

தொப்பி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான். டீச்சரே, வகுப்பில் கணக்கை விளக்குகிற குரலில், ஒவ்வொன்றாகச் சொன்னார்.

ஒரே பெண். குட்டி என்று கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் படித்தவள். அப்பாவும் அவளும் இந்த ஒரு மெஷினுக்கு அடித்துக்கொள்வார்களாம். அவர் எதையாவது தட்டி இவள் வேலையைக் கெடுத்துவிடுவார். அதனால் அவளே டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, அவருக்கொரு சிஸ்டம், தனக்கொரு சிஸ்டம் என்று போட்டுவிட்டாள். மெஷினைப் போட்டால் கறுப்புத் திரையில் இரண்டு பெயர் வரும். 'அப்பா', 'குட்டி'. பத்து விநாடிக்குள் யாரும் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் முதல் பெயரில், அப்பாவில், போய் நிற்கும். டீச்சருக்குக் கம்ப்யூட்டரே ஆகாது. எனக்கு வேண்டாம்டி என்று அப்போதே சொல்லிவிட்டார்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு மழைநாளில் தொப்பலாக நனைந்து வந்தவள், தலையைக்கூடத் துவட்டாமல் மெஷினைப் போட்டிருக்கிறாள். டீச்சர் துண்டோடு வந்தபோது அவள் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். திரையில் எண் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று, இரண்டு, ஒன்று.

"'அப்பா'ன்னு போச்சு" என்றார் டீச்சர். "அவ பேரை அமுக்க அவளுக்கு நேரம் கிடைக்கல. அந்தப் பத்து செகண்டை எடுத்துடுங்க தம்பி. மெனுவே வரக்கூடாது. எப்போ போட்டாலும், கரண்ட் போய் வந்தாலும், நேரா குட்டிக்கே போகணும்."

வேலை ஒன்றும் பெரிதில்லை, அரை மணி நேரம் ஆகும். துக்கத்தில் இருப்பவர்கள் இதைவிட விசித்திரமானதையெல்லாம் கேட்டிருக்கிறார்கள். தொப்பி எல்லா வாடிக்கையாளர்களிடமும் சொல்லும் பழைய ஜோக்கைப் பழக்க தோஷத்தில் இங்கேயும் எடுத்துவிட்டான்.

"இது ஒரே உடம்புல ரெண்டு உயிர் மாதிரி டீச்சர். ஒண்ணு முழிச்சா இன்னொண்ணு தூங்கியாகணும். ரெண்டும் சேர்ந்து முழிக்க முடியாது."

டீச்சர் சிரிக்கவில்லை. "ஆமா" என்றார்.

ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்றதும் அவர் முகம் மாறியது. எவ்வளவு நேரம் ஆகும் என்று இரண்டு முறை கேட்டார். பிறகு திரைக்குப் பக்கத்தில் குனிந்து, "கொஞ்ச நேரம்தான்டா" என்றார்.

தொப்பி பட்டனை அழுத்தினான். மெஷினின் விசிறி ஓய்ந்தது. ஈர வாசனை சட்டென்று அறுந்துபோனது. அறையில் வெறும் தூசி நெடிதான் மிச்சம்.

மெனு வந்தது. அவன் பைக்குள் பென்டிரைவைத் தேடிக்கொண்டிருந்தான். அது எப்போதும் போல எல்லாவற்றுக்கும் அடியில் போய் ஒளிந்திருந்தது. ஐந்து, நான்கு, மூன்று.

"தம்பி, அப்பாவுக்குப் போகுது!"

"போகட்டும் டீச்சர், பரவாயில்ல, திரும்ப..."

படுக்கையறையில் யாரோ இருமினார்கள்.

நீளமான, வறண்ட இருமல். பிறகு கட்டில் கிறீச்சிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிற காலடிகள் கேட்டன.

வாசற்படியில் அவர் வந்து நின்றார். கன்னம் ஒட்டிப்போய், தாடி நெஞ்சைத் தொட்டது. விரல் நகங்கள் வளர்ந்து வளைந்திருந்தன. வெளிச்சம் தாங்காமல் கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டார்.

"மழை விட்டுடுச்சா?"

"விட்டு ரெண்டு மாசம் ஆச்சு" என்றார் டீச்சர். குரலில் கோபமும் இல்லை, பாசமும் இல்லை. "எழுந்தது எழுந்தாச்சு. சாப்பிட்டுடுங்க." சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

குட்டியின் அப்பா, அந்த சார், தொப்பியின் பக்கத்தில் வந்து, ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். குசுகுசுவென்று வேகமாகப் பேசினார். நேரம் அளந்து கொடுக்கப்பட்டவர் பேசுகிற வேகம்.

"மெஷின் பார்க்கிறவரா? என்ன சொன்னா அவ? பத்து செகண்டை எடுக்கச் சொன்னாளா?"

"ஆமா சார்."

"எடுத்துடாதீங்க தம்பி. கையெடுத்துக் கும்பிடறேன். கரண்ட் போய் வரும்போது அவ பக்கத்துல இல்லைன்னா, அந்தப் பத்து செகண்ட் ஓடி முடிஞ்சு என் பேருக்கு வரும். அப்பதான் நான் எழுந்திருப்பேன். எனக்கு இருக்கிறது அது ஒண்ணுதான்."

"சார், நீங்க டாக்டரைப் பார்த்தீங்களா?"

"பார்த்தாங்க. உடம்புல ஒண்ணுமில்லையாம்." அவர் நாற்காலியில் கிடந்த துண்டைப் பார்த்தார். கண் கலங்கியது. "அவ அம்மாவைக் குத்தம் சொல்லல தம்பி. என் பொண்ணு வர்றான்னா நான் படுத்துக்கறேன். படுத்துக்கிட்டுதானே இருக்கேன். ஆனா அப்பப்போ ஒரு வாய் தண்ணியாவது குடிக்கணுமில்ல?"

டீச்சர் தட்டோடு வந்தார். சார் மெல்லாமல் விழுங்கினார். ஐந்து நிமிடத்தில் டீச்சர், "போதும்" என்றார். அவர் மறுபேச்சில்லாமல் கையைக் கழுவிக்கொண்டு, தானே போய்க் கட்டிலில் ஏறி, போர்வையை நெஞ்சு வரை இழுத்து, கைகளை விலாவோடு சேர்த்து வைத்துக்கொண்டார். பாதித் திறந்த கதவு வழியாகத் தொப்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தொப்பி பென்டிரைவைச் செருகி ரீஸ்டார்ட் கொடுத்தான். விசிறி ஓய்ந்த அதே நொடியில் அந்தக் கண்கள் மூடின.

அவன் கையில் ரோமம் குத்திட்டு நின்றது. மாத்திரை கொடுத்திருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டான். பெண் செத்த துக்கத்தில் இரண்டு பேருக்கும் மூளை பிசகிவிட்டது, ஒருவர் சொல்லுவதை மற்றவர் நம்புகிறார் என்றும் சொல்லிக்கொண்டான். மனுஷன் பயந்தால் காரணத்துக்குப் பஞ்சமே வராது.

மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது. முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் டீச்சர் வாசற்படியிலேயே நின்றார். வாக்குவாதம் வளர்ந்தால் மூன்றரை மணி கைநழுவிவிடும். இப்போதைக்கு அவர் சொன்னதைச் செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விவரம் தெரிந்த ஒருவரோடு வந்து எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டான். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அவசரம்தான். அந்த மனுஷனின் பத்து விநாடியை அவன் பிடுங்கியது தன் மகளின் மூன்றரை மணிக்காக.

முதல் பெயராகக் குட்டியை வைத்தான். பத்து என்ற எண்ணை அழித்துப் பூஜ்ஜியம் போட்டான். மெனுவை மறைத்தான்.

அதோடு எழுந்திருக்க வேண்டும். அவன் எழுந்திருக்கவில்லை.

தொப்பிக்கு ஒரு வழக்கம் இருந்தது. கைபட்ட ஒவ்வொரு மெஷினிலும், டிஸ்க்கின் கடைக்கோடியில், தன்னுடைய சின்ன ரிப்பேர் சிஸ்டம் ஒன்றை வைத்துவிட்டு வருவான். மறுபடி ஏதாவது கெட்டுப்போனால் பென்டிரைவ் தேட வேண்டாம். யார் கேட்டாலும் கொடுக்க மாட்டான், யார் கேட்காவிட்டாலும் வைத்துவிட்டு வருவான். பட்டியலில் அதற்கு அவன் வைக்கும் பெயர், 'தொப்பி'. "ஊர்ல இருக்கிற எல்லா வீட்டு வாசல்லயும் உங்க செருப்பை விட்டுட்டு வரணுமா?" என்று மனைவி கேலி செய்வாள். திரும்பி வருவதற்கு ஒரு வழி இருக்கட்டுமே என்பான் இவன்.

இங்கேயும் வைத்தான். ஞாயிற்றுக்கிழமை உள்ளே நுழைய அதுதான் வழி. வைத்ததோடு நின்றானா? நுணலும் தன் வாயால் கெடும். வழக்கமாகச் சொல்லும் பாடத்தை டீச்சருக்கும் ஒப்பித்தான்.

"மெஷின் எப்பவாவது தகராறு பண்ணா, போடும்போது இந்த ஷிஃப்ட் பட்டனைப் பிடிச்சுக்குங்க. மெனு வரும். கடைசியில 'தொப்பி'ன்னு இருக்கும். அதை அமுக்கினா போதும். பதினோரு நிமிஷத்துல அதுவே எல்லாத்தையும் சரி பார்த்துட்டு, அதுவே ரீஸ்டார்ட் ஆகி, திரும்பக் குட்டிக்குப் போயிடும். நீங்க ஒண்ணும் தொட வேண்டாம்."

அந்தப் பதினோரு நிமிடத்தில் அவனுக்கு ரொம்பப் பெருமை. அவனே எழுதிய புரோகிராம்.

"மூணாவது பேரா?" என்று கேட்டார் டீச்சர்.

"மூணாவது பேர்தான்."

டீச்சர் அவன் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "ரெண்டு பேர்தானே இருந்தது" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். தொப்பி அதைக் காதில் வாங்கவில்லை. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்று பத்து. தாராளமாக நேரம் இருந்தது. போகிற வழியில் மகளுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டே போகலாம்.

ரீஸ்டார்ட் கொடுத்தான்.

திரை கறுத்தது. மெனு வரவில்லை. சொன்னபடி நேராகப் போயிற்று.

விசிறி சுழல ஆரம்பித்தது.

ஈரத் தலைமுடியின் வாசனை வந்தது.

பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ உட்கார்ந்தால் கேட்கிற சத்தம். அவன் மணிக்கட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. ஐஸ் போலச் சில்லென்றிருந்தது.

அவன் திரும்ப ஆரம்பித்தான்.

திரும்பி முடிக்கவில்லை.

கண் திறந்தபோது மேலே ஒரு வெள்ளை விட்டம் தெரிந்தது. தொண்டையில் ஒரு குழாய் இருந்தது. மருந்து வாசனை. ஜன்னல் வழியாக வெயில் அடித்தது. யாரோ, "சிஸ்டர், சிஸ்டர், கண்ணைத் திறந்துட்டார்!" என்று அலறினார்கள். மனைவியின் குரல். அவள் முகம் குனிந்து வந்தது. கண்ணைச் சுற்றிக் கருவளையம், காதோரம் நரை. அவளுக்கு ஏது நரை?

மூன்றரை ஆகிவிட்டதா என்று கேட்கப் பார்த்தான். குழாய் விடவில்லை. டாக்டர்கள் ஓடி வந்தார்கள், கண்ணில் விளக்கடித்தார்கள், விரலை அசைக்கச் சொன்னார்கள். அசைத்தான். எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. பத்து இருபது. அவன் விழித்தபோது அது பத்து பத்தைத் தாண்டி ஒரு கோடு காட்டியிருந்தது. மனைவி அவன் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். "ஏழு மாசங்க, ஏழு மாசம்..." என்றாள்.

பத்து இருபத்திரண்டு.

அடுத்த முறை கண் திறந்தபோது குழாய் இல்லை. கழுத்தில் தழும்பு மட்டும் இருந்தது. கட்டில் அதே கட்டில். மனைவி பக்கத்தில் சாய்ந்தபடி எதையோ தைத்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை தொப்பி முதலில் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகுதான் அவளை. போன தடவை எத்தனை நிமிடம் விழித்திருந்தோம் என்று மனதுக்குள் கூட்டிப் பார்த்தான்.

பதினொன்று.

அவன் எழுதிய பதினோரு நிமிடம்.

எங்கேயோ அந்த மெஷின் தகராறு பண்ணியிருக்கிறது. டீச்சர் ஷிஃப்டைப் பிடித்து மூன்றாவது பெயரை அமுக்கியிருக்கிறார். அது சரி பார்த்து முடிக்கிற வரைக்கும்தான் இவன். ஒரே உடம்பில் இப்போது மூன்று உயிர். குட்டி முழித்திருந்தால் சாரும் தூங்க வேண்டும், இவனும் தூங்க வேண்டும். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டாயிற்று. வேறு யாரும் கட்டிவிடவில்லை.

"அழாதே. கேளு. நேரமில்ல." குரல் துருப்பிடித்திருந்தது. "நான் கடைசியா போனேனே, டீச்சர் வீடு. அங்க ஒரு மெஷின் இருக்கு. அதுல என் பேரு இருக்கு. அதை அழிக்கணும். அழிச்சா நான் எழுந்துடுவேன். உடைச்சிடாதே, உடைச்சா நானும் போயிடுவேன். டிஸ்க்கோட கடைசிப் பாகம், என் பேரு போட்டிருக்கும்..."

அவள் ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். நம்பினாளோ இல்லையோ, ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். எந்தத் தெரு, எத்தனையாவது வீடு, எந்தப் பட்டன். பத்து நிமிடம் அதற்கே போயிற்று.

"பாப்பா எங்க?" என்று கேட்டான்.

"ஸ்கூல்ல. இருங்க, போன் பண்றேன், இப்பவே பேசுங்க..."

அவள் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது முறை கண் திறந்தபோது கட்டிலின் கால்மாட்டில் ஒரு பெண் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். பதினோரு வயதிருக்கும். இரட்டைப் பின்னல். கட்டில் கம்பியில் அவனுடைய நீலத் தொப்பி மாட்டியிருந்தது, வெயிலில் வெளுத்துப்போய். யார் வீட்டுப் பிள்ளை என்று ஒரு கணம் யோசித்தான்.

அவள் நிமிர்ந்தாள். சுண்டுவிரலை மூக்குக்கு நேரே நீட்டிய அதே கண்கள்.

"அம்மா!" என்றாள். கத்தவில்லை. கத்தினால் கலைந்துவிடுமோ என்று பயந்தவள் போல, காற்றாகச் சொன்னாள்.

மனைவி ஓடி வந்தாள். தொப்பி கடிகாரத்தைப் பார்த்தான். மாலை நான்கு பத்து. நான்கு இருபத்தொன்று வரை. "அழிச்சியா?" என்று கேட்டான்.

அவள் முகத்திலேயே பதில் இருந்தது.

அன்றைக்கே போனாளாம். வீடு பூட்டிக் கிடந்தது. டீச்சர் காலி செய்துகொண்டு போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. எங்கே என்று அக்கம் பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. எடுத்துப்போனது ஒரு பெட்டியும் அந்த மெஷினும்தானாம். போலீஸில் சொல்லிப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் வீட்டுக்காரர் மாட்டிக்கொண்டார் என்று எந்த போலீஸிடம் சொல்ல முடியும்? அவளாகத் தேடினாள். நான்கு வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

"அந்த சாரு?"

மனைவி மூன்று கட்டில் தள்ளிப் பார்த்தாள். அங்கே உறை மாற்றிய மெத்தை வெறுமையாகக் கிடந்தது.

"இங்கதான் இருந்தார். அந்தம்மா இங்க சேர்த்துட்டுத்தான் போயிருக்கு. ஒரு தடவைகூட எழுந்திருக்கலைங்க. போன மாசம் போய்ச் சேர்ந்துட்டார்."

கரண்ட் எத்தனை முறை போய் வந்திருக்கும் என்று தொப்பி நினைத்துப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் அந்த மனுஷனுக்குப் பத்து விநாடி கிடைத்திருக்க வேண்டும். பூஜ்ஜியம் போட்டது இந்த விரல்தான். போர்வைக்கு மேல் கிடந்த தன் விரல்களைப் பார்த்தபோது அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

நான்கு பதினாறு.

மகள் தலைமாட்டுக்கு வந்து நின்றாள். எதையோ ஐந்து வருஷமாக உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தவள் போல உதட்டைக் கடித்தாள்.

"அப்பா, நான் டூ விட்டதாலதான் தூங்கிட்டீங்களா?"

தொப்பி வேகமாகத் தலையாட்டினான். "இல்லடா கண்ணு. இல்லவே இல்ல. அப்பா வந்துக்கிட்டுதான் இருந்தேன். மூணரைக்கு முன்னாடியே கிளம்பிட்டேன்டா." அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சின்னச் சுண்டுவிரல் இப்போது நீளமாகியிருந்தது. இந்தக் கையை ஐந்து வருஷமாக யார் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தார்கள்? "பழம் விடு" என்றான்.

அவள் இரண்டு விரலை நீட்டினாள். அவன் தொட்டான்.

"பழம் விடச் சொல்லி அக்காவும் சொன்னாங்க" என்றாள் மகள்.

"எந்த அக்கா?"

"இங்க வருவாங்களே. உங்களைப் பார்க்க. எப்பவும் தலை ஈரமா இருக்கும்."

மனைவி புரியாமல் மகளைப் பார்த்தாள். "யாருடி? நான் பார்த்ததே இல்லையே."

"நீ மருந்து வாங்கப் போறப்ப வருவாங்கம்மா. நல்ல அக்கா. எனக்கு ஹோம்வொர்க்கெல்லாம் சொல்லிக் குடுப்பாங்க." அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். அவருக்கு நல்ல சேதி சொல்கிற சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. "உங்களைப் பத்திப் பெருமையா சொன்னாங்கப்பா. உங்க அப்பா ரொம்ப நல்லா ரிப்பேர் பண்ணி வச்சிருக்கார், மெஷின் கெடறதே இல்ல, இனிமே அவரை அடிக்கடி எழுப்ப வேண்டியிருக்காதுன்னு."

நான்கு பத்தொன்பது.

தொப்பி எழுந்து உட்காரப் பார்த்தான். கால் சொன்னபடி கேட்கவில்லை. ஐந்து வருஷம் நடக்காத கால். "அவ எங்க இருந்து வர்றா? கேட்டியா? எந்த ஊரு, எந்தத் தெரு, எதாவது சொன்னாளா?"

"கேட்டேனே. அம்மா பக்கத்துல இருக்கேன்னு சொன்னாங்க."

"வேற என்ன கேட்ட?"

"எங்க அப்பாவைக் கொஞ்ச நாளைக்கு விடுங்களேன்னு கேட்டேன்." மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "அழுதாங்கப்பா. நான் போனா எங்க அம்மா தனியா இருப்பாங்களேன்னு சொன்னாங்க."

தொப்பி மனைவியின் கையை ஒரு கையிலும் மகளின் கையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டான். கடிகாரத்தை மட்டும் பார்க்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மகளின் முகத்தைப் பார். மூக்கில் ஒரு சின்ன மச்சம் புதிதாக வந்திருக்கிறது. அதைப் பார்.

வார்டின் மருந்து நெடிக்கு நடுவே, மெல்ல, ஈரத் தலைமுடியின் வாசனை வந்தது.

"விடாதே" என்றான். "கையை மட்டும் விட்டுடாதே."

"விடலைப்பா."

கண் இமை கனத்தது. மகளின் முகம் மங்கியது. அவள் பார்வை அவனைத் தாண்டி வாசல் பக்கம் போவது தெரிந்தது. பிடித்திருந்த கையை விடாமலே அவள் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து, யாருக்கோ உட்கார இடம் விட்டாள்.

"வாங்கக்கா" என்றாள்.

அவன் மணிக்கட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.